சைப்பானைப் பிடிக்கும் வரை

கோர்டியின் நீர்மூழ்கிகள் அங்கே இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

வெண்டல் பிராண்ட்வோல்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மறுபடியும் மாட்டிக்கொண்டு கணினித் திரையைப் பார்த்தார். கண்ணாடியில் கோளாறு இல்லை, பசிபிக் பெருங்கடலில்தான் கோளாறு. சைப்பான் தீவைப் பிடிக்க அவர் அனுப்பிய துருப்புக் கப்பல்கள், யாரும் போகாத வடக்கு வழியாகச் சுற்றிக்கொண்டு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. அவ்வளவு பெரிய கடலில், சரியாக அந்த வழியில், கோர்டியின் நீர்மூழ்கிகள் கல்யாண வீட்டு வரவேற்புக் குழு மாதிரி வரிசையாக நின்றுகொண்டிருந்தன. மூன்று கப்பல் காலி.

கோப்புடன் கோர்டியின் மின்னஞ்சல் ஒன்றும் வந்திருந்தது. "அட்மிரல், உன் பசங்க நல்லாத்தான் நீந்துறாங்க. ஸ்வெட்டர் போட்டு அனுப்பியிருக்கலாம்."

இது நிஜப் போர் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெண்டலின் முகத்தை மட்டும் பார்த்தால் உங்களுக்குச் சந்தேகம் வரலாம். இது ஒரு கணினி விளையாட்டு. இரண்டாம் உலகப் போரின் பசிபிக் பகுதி முழுவதும் அதற்குள் இருக்கிறது. ஒருவர் தன் கட்டளைகளைப் போட்டுக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவார், மற்றவர் தன்னுடையதைப் போட்டுத் திருப்பி அனுப்புவார், போரில் ஒரு நாள் நகரும். எந்தக் கப்பலுக்கு எவ்வளவு எண்ணெய், எந்தத் தீவுக்கு எத்தனை மூட்டை மாவு என்பதுவரை ஆடுகிறவரே பார்த்துக்கொள்ள வேண்டும். நிஜப் போரை நடத்தியவர்களுக்காவது உதவிக்கு ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் நாலு வருஷத்துக்குள் முடித்தும் விட்டார்கள். அமெரிக்காவின் வடக்கே எங்கள் டுலூத்தில் இருக்கும் வெண்டலும், இரண்டு மணி நேரத் தூரத்தில் பிரெயினர்டில் இருக்கும் கோர்டியும் அதைவிட அதிக காலமாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் பாதிக் கடல்கூடத் தாண்டவில்லை. ஆட்டத்தில் வெண்டல் அமெரிக்கா, கோர்டி ஜப்பான்.

இத்தனை வருஷமும் அவசரம் எதுவும் இல்லை. இந்தக் குளிர்காலம்தான் அவசரம்.

வெண்டலுக்கு மாவட்டச் சாலை அலுவலகத்தில் வேலை. பனி கொட்டினால் எந்தச் சாலைக்கு எந்தப் பனி அள்ளும் வண்டி போக வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து அனுப்புகிறவர் அவர். எங்கள் ஊரில் பனி கொட்டாத நாளை எண்ணிவிடலாம். ஆகவே மார்லிஸைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து, ஒரு குளிர்காலச் சாப்பாட்டைக்கூட அவர் தொலைபேசி மணி அடிக்காமல் முழுதாகச் சாப்பிட்டதில்லை. மார்ச் கடைசியில் ஓய்வு பெறுகிறார். ஓய்வு பெற்றதும், படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் கேம்பர் வண்டியில் மார்லிஸும் அவரும் மட்டும் ஒரு வருஷம் நாடு முழுக்கச் சுற்ற வேண்டும் என்பது அவருடைய ஆசை. வண்டி ஏற்கெனவே வந்து, கொல்லைப்புறத்தில் பனியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

முதன்முதலில் இந்த ஆசையை அவர் சொன்னபோது மார்லிஸ் தட்டைத் துடைத்துக்கொண்டே ஒரு பதில் சொன்னாள். "முதல்ல அந்தச் சண்டை முடியட்டும் வெண்டல். பாதி மனச பசிபிக்ல வச்சுக்கிட்டு என்கூட எங்கயும் வரவேண்டாம்."

எங்கள் பக்கத்து ஜனங்கள் எதையும் நேராகக் கேட்கிற வழக்கம் கிடையாது. வீட்டுக்குள் தீப்பிடித்தால்கூட, "கொஞ்சம் சூடா இருக்கோ" என்றுதான் ஆரம்பிப்போம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண்பிள்ளை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லிவிட்டாள் என்றால் மனதுக்குள் எவ்வளவு வேதனைப்பட்டிருப்பாள். வெண்டலுக்கு வெட்கமாகிவிட்டது. மார்ச்சுக்குள் போரை முடிக்கவில்லை என்றால், பெண்டாட்டியைவிடப் பீரங்கிதான் பெரிது என்று அவள் நினைத்துவிடுவாள். அந்த பயம்தான் இந்தக் குளிர்காலத்து அவசரம்.

போரை முடிக்க ஒரே குறுக்குவழி சைப்பான். அந்தத் தீவைப் பிடித்துவிட்டால் அங்கிருந்து குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பான்வரை போகும். புள்ளிகள் எகிறும். 'ஆட்டம் முடிந்தது, அமெரிக்கா வென்றது' என்று கணினியே அறிவித்துவிடும்.

அன்று மாலை மேஜைமேல் ஹாட்டிஷ் ஆவி பறக்கக் காத்திருந்தது. அரைத்த மாட்டிறைச்சியின்மேல் உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி அடுப்பில் சுட்டெடுக்கும் எங்கள் ஊர்ச் சாப்பாடு. வெண்டல் முள்கரண்டியால் ஓர் உருண்டையை ஓரமாக நகர்த்தினார்.

"இது சைப்பான்."

"பட்டாணி எடுத்துக்கோ," என்றாள் மார்லிஸ்.

"இது நம்ம துருப்புக் கப்பல். வடக்கால வந்தேன். எப்படியோ மோப்பம் பிடிச்சுட்டான். அதனால இப்ப தெற்கால வரப்போறேன். இதோ, இப்படி. இந்தப் பட்டாணியெல்லாம் விமானந்தாங்கிக் கப்பல்."

"தெற்காலயா?"

"தெற்கால. ட்ருக் தீவுக்கும் இதுக்கும் நடுவுல நுழைஞ்சு."

"எப்போ?"

"வர்ற செவ்வாய்."

"ம். எல்லாம் முடிய இன்னும் எத்தனை நாளாகும்?"

வெண்டலுக்குப் பாவமாக இருந்தது. எப்படித் தவித்துப்போயிருக்கிறாள். "ரொம்ப இல்ல மார்லிஸ். வழியெல்லாம் போட்டு வச்சுட்டேன். முதல்ல அலபாமா. அங்க ஒரு போர்க்கப்பல நிறுத்திக் காட்சிக்கு வச்சிருக்காங்க. அப்புறம் வட கரோலினா, அங்க ஒண்ணு. அப்புறம் டெக்ஸாஸ். கடைசியா கலிஃபோர்னியா, அங்க பெருசா ஒரு விமானந்தாங்கிக் கப்பலே நிக்குது. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு நாள். எஞ்சின் அறைவரைக்கும் உன்ன இறக்கிக் கூட்டிட்டுப்போய் நானே விளக்கிச் சொல்றேன்."

மார்லிஸ் தண்ணீர் குடித்தாள். "அது ஒரு மாதிரி வித்தியாசமா இருக்கும்," என்றாள்.

அப்போது தொலைபேசி அடித்தது. ஏதோ ஒரு சாலையில் பனி.

செவ்வாய்க்கிழமை தெற்கு வழியாகப் போன கப்பல்களை, கோர்டியின் விமானந்தாங்கிக் கப்பல்கள் நான்கும் ட்ருக் தீவுக்கு இந்தப் பக்கம் எதிர்கொண்டன. இரண்டு நாள் முன்னால்வரை அவை ஜப்பான் துறைமுகத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தன. வெண்டலின் இரண்டு படைப்பிரிவுகள் கடலில் மூழ்கின. புதிதாக இரண்டு படைப்பிரிவுகளைச் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்க்க வாரக்கணக்காகும்.

"எப்படிப்பா கண்டுபிடிச்சே?" என்று கோர்டிக்கு எழுதினார் வெண்டல்.

"எப்படியோ தோணிச்சு," என்று பதில் வந்தது. இந்த முறை கிண்டல் எதுவும் இல்லை. அதுவே வெண்டலுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. கோர்டியை அவருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும். ஒருவரைக் கிண்டல் செய்யாமல் கோர்டி விட்டால் அதற்கு ஏதாவது காரணம் இருக்கும்.

'யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள்.'

யார் என்று யோசித்தபோது டுவேன்தான் நினைவுக்கு வந்தார். டுவேன் அவர்களுடைய பழைய விளையாட்டுக் குழுவில் இருந்தவர். முதுகுவலி வந்து ஆட்டத்தை விட்டுவிட்டார், ஆனால் வம்பு கேட்பதை விடவில்லை. சனிக்கிழமை காலையில் காப்பிக் கடையில் வெண்டலோடு உட்கார்ந்து போர்ச் செய்தி கேட்பார். கோர்டியோடும் அவருக்குப் பேச்சு உண்டு. இரண்டு பக்கமும் பழகுகிறவர், ஆனால் தான் வாய் திறந்தால் வானிலையைத் தவிர வேறெதுவும் பேசாதவர். சந்தேகப்பட இது போதாதா?

போர்க்காலத்தில் ஒற்றனைப் பிடிக்க ஒரு பழைய வழி உண்டு. பொய்யான செய்தி ஒன்றைக் கசியவிட்டு, எதிரி அதற்கு ஆடுகிறானா என்று பார்க்க வேண்டும். வெண்டல் அடுத்த சனிக்கிழமை காப்பிக் கோப்பைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"டுவேன், சைப்பான விட்டாச்சு. பலாவுத் தீவுக்குப் போறேன்."

"பலாவுக்கா? அங்க என்னப்பா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதனாலதான்."

டுவேன் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரத்தில் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டார். "சரிதான்," என்றார். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

பொய் உண்மைபோலத் தெரிய வேண்டுமே என்று, பாதிக் கப்பல்களையும் ஏராளமான எண்ணெயையும் பலாவுப் பக்கம் அனுப்பினார் வெண்டல். உண்மையான படை மறுபடியும் சைப்பானுக்கே கிளம்பியது, இந்த முறை கிழக்கு வழியாக. அதை அவர் ஓர் உயிருக்கும் சொல்லவில்லை. மார்லிஸிடம் சொன்னார், அது கணக்கில் சேராது. போர்க்கப்பலுக்கும் குளியல் தொட்டிக்கும் வித்தியாசம் தெரியாத அப்பாவி அவள். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் அவருக்கே திட்டம் தெளிவாகும்.

பலாவுப் பக்கம் கோர்டி ஒரு படகைக்கூட அனுப்பவில்லை. சைப்பானின் கிழக்குக் கரையில் கண்ணிவெடி, பீரங்கி, விமானம், எல்லாம் தயாராக இருந்தன. போலிப் படையில் எண்ணெய் தீர்ந்துபோய், அவசரத்துக்கு உதவிக்கு வரவும் அதனால் முடியவில்லை.

டுவேன் குற்றமற்றவர் என்பது இப்போது தெளிவாகிவிட்டது. வெண்டலுக்குக் குற்ற உணர்வு தாங்கவில்லை. எலுமிச்சை இனிப்பு ஒரு டப்பா வாங்கிக்கொண்டு டுவேன் வீட்டுக்கே போனார்.

"என்ன விசேஷம்?" என்று கேட்டார் டுவேன்.

"ஒண்ணும் இல்ல. நீதான் கோர்டிக்கு ஒத்து ஊதுறியோன்னு கொஞ்ச நாளா நினைச்சேன். இல்லன்னு தெரிஞ்சுடுச்சு. அதான்."

டுவேன் டப்பாவை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. "பலாவு பொய்யா?"

"பொய்தான்."

"அத நான் என் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லலியே வெண்டல்."

"தெரியும்ப்பா. அதான் வந்தேன்."

"பரவால்ல," என்றார் டுவேன்.

எங்கள் ஊரில் 'பரவால்ல' பல வகை. காலை மிதித்துவிட்டால் ஒன்று, காரை இடித்துவிட்டால் ஒன்று. டுவேன் சொன்னது, நீ செத்தால் சவ அடக்கத்துக்கு வருவேன், ஆனால் அங்கே பரிமாறுகிற சாப்பாட்டைத் தொடாமல் போய்விடுவேன் என்கிற வகை. அதற்கடுத்த சனிக்கிழமை அவர் காப்பிக் கடையில் வேறு மேஜையில் உட்கார்ந்தார்.

பிப்ரவரி வந்துவிட்டது. அலுவலகத்தில் வெண்டலுக்குப் பிரிவுபசார விழா பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர் உடம்பு இளைத்தது. வண்டி அனுப்பும்போதுகூட, மலைச்சாலைக்கு அனுப்ப வேண்டிய பனிவண்டிக்கு, "வடக்கால போகாதே, அங்க நிப்பான்," என்று சொல்லிவிட்டார். ஓட்டுநர் யாரென்று கேட்கவில்லை. ஓய்வு பெறப்போகிறவரிடம் எதற்கு வம்பு.

மனிதன் சொல்லவில்லை என்றால் இயந்திரம்தான் சொல்லியிருக்க வேண்டும். யாரோ தன் கணினிக்குள் நுழைகிறார்கள் என்று வெண்டல் முடிவுக்கு வந்தார். கணினி இருந்த நிலத்தடி அறையின் தரையோரச் சன்னலுக்குக் கம்பளம் கட்டினார். அந்தச் சன்னலுக்கு வெளியே ஆள் உயரத்துக்குப் பனி கிடந்தது, எட்டிப்பார்க்கிறவன் சுரங்கம் தோண்டிக்கொண்டுதான் வர வேண்டும். இருந்தாலும் கட்டினார். விளையாட்டின் கடவுச்சொல்லையும் மாற்றினார், எந்தக் காலத்திலும் மறக்காத ஒன்றாக.

"நம்ம கல்யாண நாள வச்சிருக்கேன் மார்லிஸ்," என்று சாப்பாட்டு மேஜையில் பெருமையாகச் சொன்னார். "ஜூன் பதினாலு."

"அது எங்க அக்கா கல்யாண நாள்."

வெண்டல் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"நம்மளுது அதுக்கு அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல," என்றாள் மார்லிஸ், கோபமே இல்லாமல். "பரவால்ல. உப்பு வேணுமா?"

இந்தப் 'பரவால்ல' எந்த வகை என்று கண்டுபிடிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கீழே ஓடிப்போய்க் கடவுச்சொல்லை ஆகஸ்டுக்கு மாற்றினார். ஆகஸ்டில் எந்தத் தேதி என்று மேலே வந்து கேட்கிற துணிச்சல் அவருக்கு இல்லை. குத்துமதிப்பாக ஒன்றைப் போட்டார். மறுநாள் எந்தத் தேதியைப் போட்டோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார், பத்து முறை தப்பாகப் போட்டதும் விளையாட்டே அவரைத் திருடன் என்று நினைத்து வெளியே பூட்டிவிட்டது. கட்டளை வராவிட்டாலும் விளையாட்டில் நாள் தானாக நகர்ந்துவிடும்; அது மனமிரங்கித் திறக்கும்வரை அமெரிக்கக் கடற்படை முழுவதும் நடுக்கடலில், கட்டளை இல்லாமல், எண்ணெயைக் குடித்துக்கொண்டு வட்டமடித்தது.

உள்ளே போனபோது சைப்பான் முன்பைவிடத் தூரமாக இருந்தது. ஜெயிக்க வேண்டுமானால் இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். அந்த நாற்காலியிலேயே வெண்டல் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அழுதார் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் ஆண்பிள்ளைகள் அதற்குச் சளி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சளிக்கு நடுவில்தான் அவருக்கு ஞானம் பிறந்தது. போர் முடிய வேண்டும், அவ்வளவுதானே. ஜெயித்துத்தான் முடிய வேண்டும் என்று யார் சொன்னது?

அன்று அவர் படியேறி மேலே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. மார்லிஸ் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மார்லிஸ், உட்காரு. நான் தோக்கப்போறேன்."

"எதுல?"

"சண்டைலதான். விமானந்தாங்கிக் கப்பல் அத்தனையையும் கோர்டியோட மூக்குக்குக் கீழ கொண்டுபோய் நிறுத்தப்போறேன். காவலுக்கு ஒரு கப்பல்கூடக் கிடையாது. சைப்பான்லேந்து அவன் விமானத்த அனுப்பினா போதும், எல்லாம் ஒரே நாள்ல மூழ்கிடும். புள்ளி அவன் பக்கம் எகிறிடும். ஆட்டம் க்ளோஸ். வர்ற சனிக்கிழமையோட சரி. நீ பெட்டி கட்ட ஆரம்பி."

காபி கோப்பையில் நிறைந்து, தட்டில் வழிந்து, மேஜை விரிப்பில் ஓடியது.

"சனிக்கிழமையேவா?" என்றாள் மார்லிஸ்.

"சனிக்கிழமையே."

"நீ இவ்வளவு வருஷம் பாடுபட்டது."

"எனக்கு நீதான் முக்கியம் மார்லிஸ்."

அவள் காபிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது. "நீ நல்லவன் வெண்டல்," என்றாள். பிறகு துணி எடுத்துவர உள்ளே போனாள், திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து வெண்டல் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. விரிப்பை அவரே துடைத்தார்.

சனிக்கிழமை கோப்பைத் திறந்தார். அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பல்கள் சைப்பான் கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. கோர்டியின் ஒரு விமானம்கூட மேலே எழும்பவில்லை.

"என்னப்பா ஆச்சு?" என்று எழுதினார்.

"விமானத்துக்கு எண்ணெய் போட மறந்துட்டேன். சாரி," என்று வந்தது கோர்டியின் பதில்.

அடுத்த நாளும் கப்பல்களை அங்கேயே நிறுத்தினார். "வானம் மூட்டமா இருக்கு," என்று எழுதினார் கோர்டி. விளையாட்டின் வானிலைக் கட்டத்தில் வானம் தெளிவு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்கடுத்த நாள் வெண்டல் இன்னும் நெருங்கி, இறக்க ஒரு படைவீரன்கூட மிச்சமில்லாத துருப்புக் கப்பல்களையும் காவலில்லாமல் கரையோரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். கோர்டி தன் கப்பல்களை எல்லாம் அள்ளிக்கொண்டு ஜப்பானுக்கே போய்விட்டார். வெண்டலின் புள்ளி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. போர் அசையாமல் நின்றது.

'இவன் வேண்டுமென்றே செய்கிறான்' என்று வெண்டலுக்கு உறைத்தது. 'ஜெயிக்கப் போனால் வழிமறிக்கிறான். தோற்கப் போனால் ஓடுகிறான். என் சந்தோஷத்தைக் கெடுக்கிறதுதான் இவன் நோக்கம்.' பள்ளிக்கூடத்தில் பேஸ்பால் ஆட்டத்தில் தன்னைக் கடைசி ஆளாகச் சேர்த்ததிலிருந்து கோர்டி செய்த அத்தனையும் நினைவுக்கு வந்தது.

அப்போது அவர் எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தார். நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தார். கேட்டு, கையைத் தூக்கி, 'நான் சரணடைகிறேன், எழுதிக்கொள்' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்துவிடுவது. சரணடைந்தவனை யாரும் சண்டைக்கு இழுக்க முடியாது.

"எங்க கிளம்பிட்ட?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"சும்மா ஒரு வேலை," என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக மார்லிஸிடம் ஒரு திட்டத்தை அவர் சொல்லவில்லை. திரும்பி வந்து சொல்லி அவளை அசத்த வேண்டும் என்று ஆசை.

பிரெயினர்டுவரை எங்கும் நிறுத்தாமல் வண்டி ஓட்டினார். சாலையில் பனியைச் சுத்தமாக அள்ளியிருந்தார்கள், யார் அனுப்பினார்களோ, நல்ல வேலை. ஆனால் அதை ரசிக்கிற மனநிலையில் அவர் இல்லை. கோர்டி மறுத்துவிட்டால்? மார்ச் முடிந்து, வண்டிமேல் பனி உருகி, மார்லிஸ் சன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே நின்றால்? ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அதுதான் தாங்காது.

கதவைத் திறந்தது கோர்டியின் மனைவி ஜாய்ஸ். கோர்டி ராணுவத்தில் இருந்தபோது நியூ ஜெர்சியில் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்த பெண். இங்கே வந்து தலை நரைத்துவிட்டது, ஆனாலும் மனதில் பட்டதை வாயில் சொல்கிற பழக்கம் போகவில்லை. அதனால் மாதாகோவில் கமிட்டி எதிலும் அவளைச் சேர்ப்பதில்லை.

"வெண்டலா? உள்ள வா. என்ன இப்படி இளைச்சுப்போயிட்டே? பூட்ஸ கழட்டு. கோர்டி இல்ல, ஏரில ஐஸ ஓட்ட போட்டு மீன் பிடிக்க உட்கார்ந்திருக்கான். காபி?"

"வேண்டாம்."

"நெஜமாவே வேண்டாமா, மூணு தடவ கேக்கணுமா?"

"குடு."

ஜாய்ஸ் கோப்பையை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். வெண்டல் தொப்பியை மடியில் வைத்துச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"ஜாய்ஸ், கோர்டிகிட்ட சொல்லு. நான் சரணடையறேன். தீவும் வேண்டாம், கடலும் வேண்டாம். அவனே ஜெயிச்சதா வச்சுக்கட்டும். இன்னிக்கே முடிச்சிடணும்."

"அய்யோ, அது முடியாதே."

"ஏன் முடியாது? இப்படி ஜெயிக்கவும் விடாம, தோக்கவும் விடாம இழுத்தடிச்சா நான் என்னதான் பண்றது? அவனுக்கு என்மேல அப்படி என்ன கோவம்?"

"அவனுக்கென்ன கோவம், பாவம். இதுல மாட்டிக்கிட்டு அவனும் தூங்கி மாசமாச்சு. உன் கப்பலப் பார்த்துப் பார்த்து, 'நல்லவன ஏமாத்துறேனே'ன்னு அழறான். நான் சொன்னேன், அவன்கிட்ட நேரா சொல்லிடுன்னு. அது எப்படி சொல்றது, மனசு கஷ்டப்படுமேங்கறான். நீங்க எல்லாருமே ஒரு தினுசு. அதனாலதான் ஏரிக்கு ஓடிட்டான்."

"என்ன சொல்றது? யாருக்குக் கஷ்டம்?"

ஜாய்ஸ் அவரைப் பார்த்தாள். பிரெயினர்டில் இத்தனை வருஷம் இருந்ததில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஒரு கணம் தயங்கினாள். பிறகு நியூ ஜெர்சி ஜெயித்தது.

"நீ சாப்பிட்டு எழுந்ததும் மார்லிஸ்தான் தினமும் கோர்டிக்கு போன் பண்ணி உன் திட்டத்தைச் சொல்றா, வெண்டல். 'எப்படியாவது சண்டை முடியாம பாத்துக்கோ, முடிஞ்சா ஒரு வருஷம் அந்த வண்டிக்குள்ள அவன்கூட நான் தனியா இருக்கணும்'னு சொல்லி அழறா."